வாடல் நோய்க்கு இடங்கொடாத கதலி வாழை

வாழை இல்லாத வளவை நம் நாட்டிற் காண்பது அரிது. கிணற்றடியில் ஒன்று, வேலியோரம் இரண்டு, அடுக்களைப் புறத்தில் ஒன்று என நாலு வாழையாவது வைத்திராத கமக்காரர் இல்லை. அதன் இலையில் உண்கின்றோம், பொத்தியையும் தண்டையும் கறியாக்குகின்றோம், நாரினாற் பூத்தொடுக்கின்றோம். பழமோ குழந்தை முதல் முதியோர் ஈறாக அனைவரும் உண்ணத்தக்கது. இத்தகைய மரத்தை நடுவதற்கு ஒரு பாடமும் வேண்டுமா எனச் சிலர் வினவலாம். ஒரு குட்டியைக் கிண்டிவந்து குழியில் வைத்தால் அது தானே வளர்ந்து குலை தள்ளுகின்றதே என்பர்.

அவ்வாறு வளர்ந்து பயன்தரும் வாழை பல உண்டு. ஆயின், ஆசையோடு நட்ட கோழிக்கூட்டு வாழை குலை தள்ளுமுன்னரே மஞ்சளித்து மடிவதையும், அதே இடத்தில் வைத்த அடுத்த குட்டியும் அவ்வாறே மடிவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். "மண் சத்துக் கெட்டுவிட்டது" என்பார் ஒருவர். "இறைப்புக் காணாது" என்பார் மற்றொருவர். "கண்ணூறு பட்டுவிட்டது" என்பாரும் உளர். பசளையைக் கூட்டியும் நீரைக் கூட்டியும் பார்ப்பர். மூன்றாவது குட்டியும் மடியும். பல வளவுகளில் இதற்குக் காரணம் பனாமா வாடல் என்னும் நோயேயாகும். இந்நோய் மண்ணில் வாழ்வது. வந்தபின் இதனைத் தீர்க்கும் மருந்து எதுவும் கடையிற் கிடைப்பதில்லை. ஆகவே, நோய் கண்ட மண்ணில் அந்நோய்க்கு இடங்கொடாத இனத்தைத் தெரிந்து நடுவதே கமக்காரர் செய்யத்தக்க சிறந்த செயல். அத்தகைய இனம் நம் நாட்டிலேயே உண்டு. அதுவே கதலி வாழை.

நோயின் இயல்பு

பனாமா வாடலை உண்டாக்குவது கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பங்கசு. இது மண்ணிலிருந்து வேர்வழியாக வாழைக் கிழங்கினுட் புகுகின்றது. அங்கிருந்து நீரை மேலே கொண்டுசெல்லும் குழாய்களில் வளர்ந்து அவற்றை அடைத்துவிடுகின்றது. வாய்க்கால் தூர்ந்துபோனால் கிணற்றில் நீர் நிறைந்திருந்தும் பயிர் வாடுவதுபோல, அடியில் ஈரம் இருந்தும் இலைகள் வாடுகின்றன. இதனாலேயே எவ்வளவு நீர் இறைத்தும் பயன் கிடைப்பதில்லை.

நோயுற்ற வாழை மடிந்து உக்கியபின் பங்கசு தடித்த தோலுடைய வித்திகளாக மண்ணில் உறங்கிக் கிடக்கும். வாழையே இல்லாத நிலத்திலும் அது இருபது ஆண்டுக்கு மேலாக உயிருடன் இருக்கவல்லது. தகப்பன் காலத்தில் மடிந்த வாழையின் நோய் மகன் நடும் வாழையைத் தாக்குவது இதனாலேயே.

இந்நோய் வளவுக்கு வளவு பரவும் வழிகள் நான்கு. முதலாவதும் முக்கியமானதும், நோயுற்ற புதரிலிருந்து எடுத்த குட்டி. குட்டி பார்வைக்குச் செழுமையாக இருக்கும். நோயோ கிழங்கினுள் ஒளிந்திருக்கும். இரண்டாவது, மண்வெட்டி, அலவாங்கு, கத்தி, காலணி, வண்டிச் சில்லு ஆகியவற்றில் ஒட்டிய மண். மூன்றாவது, நோயுற்ற வாழையடியிலிருந்து ஓடும் மழைநீரும் இறைப்பு நீரும். நான்காவது, மடிந்த வாழையின் தண்டு, கிழங்கு, மடல் முதலியவற்றைக் கூட்டெருக் குழியிற் போடுவதும் வேறிடத்துக்கு இழுத்துச் செல்வதுமாகும். மணவீட்டு வாயிலிற் கட்டவென வேற்றூரிலிருந்து கொண்டுவரும் வாழைகளையும் இங்கே நினைவிற் கொள்க. சடங்கு முடிந்ததும் அவற்றை வளவின் மூலையில் எறியாது, உலர்த்தி எரித்துவிடுதல் நன்று.

கிணற்றடி வாழையைப் பற்றியும் ஒரு சொல். குளிக்கும் நீர் வீணாகாதிருக்கக் கிணற்றடியில் வாழை வைப்பது நம் முன்னோர் கண்ட நல்ல வழக்கம். ஆயினும் ஒரே கழிவுநீர் வாய்க்காலில் வரிசையாக வாழைகளை வைத்தால், முதல் வாழைக்கு வந்த நோயை அவ்வாய்க்காலே கடைசி வாழைவரை கொண்டு செல்லும். வயல் வரம்பில் வாழை வைப்போரும் நீர் எங்கிருந்து எங்கே பாய்கின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும்.

நோயை அறிவது எப்படி

முதலில் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளிக்கும். பின்னர் இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் மடிந்து, இலைகள் தண்டைச் சுற்றிப் பாவாடைபோலத் தொங்கும். குருத்து மாத்திரம் சில நாள் பச்சையாக நிமிர்ந்து நிற்கும். தண்டின் அடிப்பாகத்தில் நெடுக்காக வெடிப்புக் காண்பதும் உண்டு. ஈற்றில் மரம் முழுவதும் உலர்ந்து மடியும். அதன் அடியிலிருந்து குட்டிகள் பின்னும் முளைக்கும், அவையும் நோயுற்றவையே.

வெளித்தோற்றத்தை மாத்திரம் கண்டு முடிவு செய்யலாகாது. தண்டை அடியில் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மடல்களினுள்ளே செம்மை கலந்த கபிலநிறப் புள்ளிகள் வட்டமாகத் தோன்றும். நெடுக்கே பிளந்தால் அவை கோடுகளாகத் தெரியும். கிழங்கை வெட்டினாலும் அவ்வாறே மஞ்சள், சிவப்பு, கபில நிறக் கறைகளைக் காணலாம். இதுவே உறுதியான அடையாளம்.

நீர்ப்பற்றாக்குறையால் வாடிய வாழையில் இலைகள் மடிந்து சோர்ந்திருக்கும். ஆனால் வெட்டிய தண்டு வெண்மையாக இருக்கும். கிழங்கு வண்டு தாக்கிய வாழையின் கிழங்கில் துளைகளும், அவற்றில் வெண்ணிறப் புழுக்களும் காணப்படும். இம்மூன்றையும் பிரித்தறிந்த பின்னரே மேற்கொண்டு செய்ய வேண்டியதைத் தீர்மானித்தல் வேண்டும். வெட்டிப் பார்த்த கத்தியை நன்றாகக் கழுவி, நெருப்பில் வாட்டியபின் வேறு வாழையிற் பயன்படுத்துக.

உலகம் கற்ற பாடம்

இந்நோய் நம் வளவுக்கு மாத்திரம் உரியதன்று. 1870-களில் அவுஸ்திரேலியாவில் இது முதன்முதல் விவரிக்கப்பட்டது. பின்னர் மத்திய அமெரிக்காவிலுள்ள பனாமா நாட்டின் தோட்டங்களைப் பெரிதும் அழித்தமையால் அந்நாட்டின் பெயரே நோய்க்கு வழங்கலாயிற்று. அக்காலத்தில் மேல்நாட்டுச் சந்தைகளுக்குச் சென்ற பழம் குறோமிசெல் என்னும் ஓர் இனத்தது. நம் நாட்டில் ஆனமாலு எனப்படுவதும் அதுவே. பல்லாயிரம் ஏக்கரில் அவ்வொரே இனத்தை நட்டிருந்தமையால் நோய் தடையின்றிப் பரவிற்று. நிலத்தை மாதக்கணக்கில் நீரில் ஆழ்த்திப் பார்த்தனர். சிறிது காலத்தில் நோய் மீண்டது. காடு வெட்டிப் புதுநிலம் தேடினர். குட்டியோடு நோயும் கூடவே சென்றது. ஈற்றில் 1960-களில் அவ்வினத்தைக் கைவிட்டு, அந்நோய்க்கு இடங்கொடாத கவண்டிசு இனத்துக்கு மாறினர். பெரும் பணமும் பெருந் தோட்டமும் உடையோர் மருந்தாற் செய்யமுடியாததை இனமாற்றம் செய்தது.

நம் கோழிக்கூட்டு வாழையும் இந்நோய்க்கு எளிதில் இரையாகும் இனமே. தமிழ்நாட்டில் இதனை இரஸ்தாளி என்பர். பிறேசில் நாட்டில் இதற்கு ஆப்பிள் என்னும் பொருள்படும் பெயரை வைத்திருக்கின்றனர். இனிப்பும் இளம்புளிப்பும் மணமும் கலந்த அதன் சுவையே அதற்குக் காரணம். அங்கும் இவ்வாடல் நோய் அவ்வினத்தைப் பெரிதும் அழித்துள்ளது. சுவையாற் சிறந்தது நோயெதிர்ப்பிற் குறைந்தது என்பதை நாம் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

கதலியின் சிறப்பு

சிங்கள மக்கள் அம்புல் என்றும், தமிழ்நாட்டார் பூவன் என்றும், நாம் கதலி என்றும் கூறும் இனம் பனாமா வாடலைத் தாங்கி நிற்கவல்லது. கோழிக்கூடு மடிந்த மண்ணிலும் கதலி நின்று குலை தள்ளும். இதன் மரம் உயர்ந்து பருத்து வளரும். ஓரளவு வரட்சியையும் பொறுக்கும். குலையிற் சீப்புகள் நெருக்கமாக இருக்கும். பழம் தோல் மெலிந்தது.

கதலி புளிக்கும் என்று சிலர் குறை கூறுவர். முதிராமல் வெட்டி அவசரமாகப் பழுக்கவைத்த கதலி புளிக்கத்தான் செய்யும். காய்களின் விளிம்புகள் மறைந்து உருண்டு திரண்டபின் குலையை வெட்டி, நன்றாகப் பழுக்கவிட்டு, தோல் முழுமஞ்சளானபின் உண்டு பாருங்கள். புளிப்புக் குறைந்து இனிப்பு மிகும். வீட்டுத் தோட்டக்காரருக்கு இவ்வசதி உண்டு. சந்தைக்கு ஏற்றும் வியாபாரிபோல அவர் முன்கூட்டியே வெட்ட வேண்டியதில்லை.

குட்டி வாங்கும்போது வேறினம் கலந்துவிடாதிருக்க ஓர் அடையாளம் உண்டு. கதலியின் இளம் இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள். நடுநரம்பில் இளஞ்சிவப்பு அல்லது ஊதா கலந்த சாயல் தெரியும். இயலுமாயின் தாய்மரத்தின் குலையையும் கண்டு உறுதிசெய்து கொள்ளுங்கள்.

குட்டியைத் தெரிதல்

நோய்க்கு இடங்கொடாத இனம் என்பதற்காக எந்த வளவுக் குட்டியையும் வாங்கலாகாது. கதலிக் குட்டி தான் வாடாதிருந்தாலும், அதன் கிழங்கில் ஒட்டிய மண் நோயைச் சுமந்து வரலாம். வேறு பூச்சியும் நோயும் அதனுடன் வரலாம். ஆகவே கீழ்க்காண்பவற்றைக் கவனிக்க:

1. வாடலோ, இலைகள் உச்சியிற் குவியும் நோயோ காணப்படாத தோட்டத்திலிருந்து குட்டியை எடுத்தல் வேண்டும். ஒரு புதர் மாத்திரம் நன்றாயிருந்தாற் போதாது. தோட்டம் முழுவதையும் சுற்றிப் பார்க்க.

2. குட்டி வாள்போல ஒடுங்கிய இலைகளுடன், அடி பருத்து நுனி சிறுத்ததாக இருத்தல் வேண்டும். சிறு வயதிலேயே அகன்ற இலை விட்ட நீர்க்குட்டிகளின் கிழங்கு வலுவற்றது, அவற்றை நீக்குக.

3. இரண்டு முதல் மூன்று அடி உயரமுள்ள குட்டி நடுகைக்கு உகந்தது.

4. கிண்டியெடுத்த இடத்திலேயே வேர்களையும் மண்ணையும் நீக்கி, கிழங்கின் மேற்றோலை வெண்மை தோன்றும்வரை மெல்லிதாகச் சீவுக. வண்டின் முட்டைகளும் வேர்ப்புழுக்களும் இதனால் நீங்கும். துளையோ கபிலக் கறையோ தெரிந்தால் அக்குட்டியைத் தள்ளிவிடுக. வாடல் நோயுற்ற கிழங்கைச் சீவினாலும் மருந்தில் நனைத்தாலும் நோய் நீங்காது.

5. சீவிய கிழங்கை வெயிலிலும் பழைய வாழைப் புதரருகிலும் போட்டு வைக்காது, விரைவில் நட்டுவிடுக.

இழைய வளர்ப்பு முறையில் உண்டாக்கிய கன்றுகள் கிடைக்குமாயின் அவை இன்னும் மேலானவை. மண்ணின்றிக் கண்ணாடிக் குப்பியில் வளர்க்கப்படுவதால் அவை வாடல் நோயையும் வண்டையும் கொண்டுவருவதில்லை. ஆனால் இளமையில் மென்மையானவை; முதல் மூன்று மாதம் நிழலும் நீரும் கொடுத்துக் காத்தல் வேண்டும்.

குழியும் நடுகையும்

வாழைக்கு வெயிலும் ஈரமும் வேண்டும். ஆயினும் வேரடியில் நீர் தேங்கலாகாது. நீர் தேங்கும் மண்ணில் வேர் அழுகும். நிலம் பள்ளமாயின் மேடை கட்டி அதன்மேல் நடுக.

நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் இரண்டு அடியாகக் குழி வெட்டுக. மேல்மண்ணை ஒருபுறமும் அடிமண்ணை மறுபுறமும் போடுக. குழியை இரண்டு வாரம் ஆறவிட்டபின், மேல்மண்ணோடு நன்கு உக்கிய எருவை அல்லது கூட்டெருவை ஒரு பெரிய கடகம் அளவு கலந்து நிரப்புக. கதலி பெரிதாக வளரும் இனமாதலின் மரத்துக்கு மரம் பத்து அடி இடைவெளி விடுதல் நன்று. கிழங்கின் தலை மண்ணுக்கு ஏறக்குறைய ஆறு அங்குலம் கீழே இருக்குமாறு நட்டு, சுற்றிலும் மிதித்து இறுக்குக.

வடக்கு, கிழக்கு மாகாணங்களில் வடகீழ்ப் பருவமழை தொடங்கும் காலம் நடுகைக்கு ஏற்றது. இறைப்பு வசதி உள்ளோர் பெருமழையும் கடுங்கோடையும் தவிர்ந்த எக்காலத்திலும் நடலாம். வீட்டுத் தேவைக்கு நடுவோர் ஆறு குட்டிகளையும் ஒரே நாளில் நடாது, இரண்டு மாதத்துக்கு இரண்டாக நடுவாராயின் குலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றும். ஒரு நாளிற் பழுத்த ஆறு குலை வீணாகும். ஆண்டு முழுவதும் கிடைக்கும் பழமே குடும்பத்துக்கு உதவும்.

பசளையும் நீரும்

வாழை பெருந்தீனி தின்னும் பயிர். சிறப்பாகப் பொட்டாசை மிகுதியாக எடுப்பது. அடுக்களைச் சாம்பல் பொட்டாசு நிறைந்தது. அதனை வெளியில் எறியாது வாழையடியில் இடுக. இரசாயனப் பசளை இடுவோர் யூரியாவை மாத்திரம் இட்டு மரத்தைக் கடும்பச்சையாக வளர்த்தால் மரம் மென்மையாகிக் காற்றுக்கு முறியும், குலையும் சிறுக்கும். யூரியாவோடு மியூரியேற்றுப் பொட்டாசையும் சேர்த்து, ஒரே தடவையிற் கொட்டாது, ஆண்டுக்கு நாலு தவணையாகப் பிரித்து இடுக. தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வட்டமாகத் தூவி, மண்ணை இலேசாகக் கொத்தி மூடி, உடனே நீர் பாய்ச்சுக. உங்கள் மண்ணுக்கு உரிய அளவைப் பிரதேச விவசாயப் போதனாசிரியர் கணித்துத் தருவார்.

கிளிசிறிடியா இலை, சருகு, வைக்கோல் முதலியவற்றால் வாழையடியை மூடி வைத்தால் மண் ஈரம் காக்கும், களையும் குறையும். மூடாக்குத் தண்டைத் தொடாதிருத்தல் வேண்டும். தொட்டால் கிழங்கு வண்டு அதில் ஒளிந்து வாழும். கோடையில் மேல்மண் உலருமுன் நீர் பாய்ச்சுக. குலை தள்ளும் காலத்தில் நீர் குறைந்தால் காய்கள் சிறுக்கும்.

குட்டி அகற்றலும் குலை காத்தலும்

ஒரு புதரிற் பல குட்டிகளை விட்டுவைத்தால் எதுவும் நல்ல குலை தராது. தாய் ஒன்று, அதன் பிள்ளை ஒன்று, பேரப்பிள்ளை ஒன்று என மூன்றை மாத்திரம் விடுக. மற்றவற்றை மண்மட்டத்தில் வெட்டி, குருத்தைக் குடைந்து விடுக. புதருக்குப் புதர் செல்லுமுன் கத்தியைக் கழுவி வாட்டும் பழக்கத்தை இங்கும் கைவிடாதீர்கள்.

நல்ல பராமரிப்பில் கதலி நட்டு ஏறக்குறைய ஓராண்டில் முதற்குலை கிடைக்கும். கடைசிச் சீப்பு விரிந்தபின் பொத்தியை ஒடித்துக் கறிக்கு எடுக்கலாம். அதனாற் காய் பருக்கும். கதலியின் குலை பாரமானது. சோழகக் காற்று வீசும் காலத்தில் மரம் சரியும். குலை தள்ளியவுடன் கவர்த்தடி கொண்டு முட்டுக் கொடுக்க. முட்டு, குலைக் காம்பில் உராய்ந்து காயப்படுத்தாதவாறு இடையில் உலர்ந்த மடலை வைத்துக் கட்டுக. பொத்தி வெளிவந்து ஏறக்குறைய மூன்று மாதத்திற் குலை முற்றும்.

கதலிக்கும் வரக்கூடிய கேடுகள்

ஒரு நோயைத் தாங்கும் இனம் எல்லா நோயையும் தாங்கும் என எண்ணுதல் பெரும் பிழை. கதலி வாடலைத் தாங்கும். முடிக்கொத்து நோயைத் தாங்காது. இவ்வைரசு நோய் இலங்கையில் 1913-ம் ஆண்டிலேயே அறியப்பட்டது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியிற் கொத்தாகக் குவியும். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். அத்தகைய மரம் நல்ல குலை தராது. இதனைப் பரப்புவது மடலிடுக்கில் வாழும் கருநிற வாழை அசுகுணி. நோய் கண்ட புதரை வெறுமனே வெட்டினால் அசுகுணிகள் அயல் வாழைக்குச் சென்றுவிடும். ஆகவே முதலிற் சவர்க்கார நீரையோ சிபார்சு செய்யப்பட்ட பூச்சிநாசினியையோ குருத்திலும் மடலிடுக்கிலும் தெளித்து அசுகுணியை அழித்து, அதன்பின் கிழங்கு முழுவதையும் கிண்டியெடுத்துத் துண்டாக்கி உலர்த்திப் புதைக்க. குட்டியாயினும் விட்டுவைத்தலாகாது.

மரக்கறி செய்வோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். கெக்கரி, பூசணி முதலியவற்றைத் தாக்கும் தேமல் வைரசு ஒன்று அசுகுணி மூலம் வாழைக்கும் வரும். ஆகவே இளம் வாழைக்கு இடையில் அக்கொடிகளை நடாதீர்கள். மழைக்காலத்தில் இலைப்புள்ளி கண்டால் பழுத்த இலைகளை வெட்டி நீக்கி, வாழைகளிடையே காற்றோட்டம் உண்டாக்குக.

நோய் கண்ட இடத்திற் செய்ய வேண்டியவை

வளவிற் கோழிக்கூட்டு வாழை ஒன்று வாடல் நோயுற்றதென உறுதியானால் தாமதியாதீர்கள். அப்புதரை முழுதாகக் கிண்டி, அதே இடத்தில் துண்டாக்கி, உலர்த்தி எரிக்க. வளவெங்கும் இழுத்துச் செல்லலாகாது, மாட்டுக்கும் கூட்டெருவுக்கும் இடலாகாது, வாய்க்காலில் எறியலாகாது. குழியிற் சுண்ணாம்பு தூவுக. அமில மண்ணில் நோய் கடுமையாகும் என்பது அனுபவம்; சுண்ணாம்பு அதனைத் தணிக்கும், ஆயினும் பங்கசை முற்றாக ஒழிக்காது. அவ்விடத்திற் பாயும் நீர் அயல் வாழைக்குச் செல்லாதவாறு வரம்பு கட்டுக. பயன்படுத்திய மண்வெட்டியையும் கால்களையும் அவ்விடத்திலேயே மண்போகக் கழுவுக.

இனி அந்நிலம் வீணென்று வருந்த வேண்டியதில்லை. இப்பங்கசு வாழையைத் தாக்குவது; மிளகாய், கத்தரி, வெங்காயம், தக்காளி ஆகியவற்றை வாட்டுவது அன்று. தக்காளிக்கு வரும் வாடல் வேறு நோயினால் வருவது. எனவே அங்கே மரக்கறி செய்யலாம். தாழ்ந்த நிலமாயின் நெல்லும் விளைக்கலாம். தாய்வான் நாட்டில், நோய் கண்ட வாழை நிலத்தில் நீர் கட்டிச் சில ஆண்டு நெல் விளைத்தபின் மீண்டும் வாழை நட்டபோது நோய் பெரிதும் குறைந்தது. முற்றாக நீங்கிற்று என்பதன்று. குறைந்தது என்பதே உண்மை. அந்நிலத்தில் மீண்டும் வாழை நடுவதாயின் கதலியையே நடுக.

கோழிக்கூடுதான் வேண்டும் என்போர்க்கு

கோழிக்கூட்டின் சுவையையும் அதற்குச் சந்தையிற் கிடைக்கும் விலையையும் நாம் மறுக்கவில்லை. அதனை முற்றாகக் கைவிடுமாறும் கூறவில்லை. ஒருபோதும் வாடல் காணாத நிலம் உங்களிடம் இருக்குமாயின், இழைய வளர்ப்புக் கன்றை வாங்கி, மேட்டு நிலத்தில், வேறு வாழையின் நீர் பாயாத இடத்தில் நடுக. அதற்கெனத் தனி மண்வெட்டி வைத்துக்கொள்க. நோய் கண்ட நிலத்திலோ அதனை மீண்டும் மீண்டும் நடுவது நோய்க்கு உணவிட்டு வளர்ப்பதாகும். ஒவ்வொரு மரம் மடியும்போதும் பங்கசு மண்ணிற் பெருகுகின்றது என்பதை மறவாதீர்கள்.

ஈற்றில் ஓர் எச்சரிக்கை. பனாமா வாடலிற் பல வகை உண்டு. முன்னைய வகையைத் தாங்கிய கவண்டிசு வாழையையும் கொல்லும் புதிய வகை ஒன்று ஆசிய நாடுகளிற் பரவி, 2013-ல் மொசாம்பிக்கிலும், 2019-ல் கொலம்பியாவிலும், 2021-ல் பெருவிலும் அறிவிக்கப்பட்டது. ஆகவே எந்த எதிர்ப்புச் சக்தியும் என்றைக்கும் நிற்கும் அரண் அன்று. அதனைக் காப்பது நம் கவனமே. வெளிநாடு சென்று வருவோர் புதுமைக்காக ஒரு வாழைக் குட்டியைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவருவாராயின், அவர் கொண்டுவருவது ஊர் முழுவதற்குமான கேடாயிருக்கலாம். 1999-ம் ஆண்டின் 35-ம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளதும் இத்தகைய கேட்டைத் தடுப்பதற்கே. வளவிற் கதலியோ கவண்டிசு வகையோ வாடலின் அடையாளம் காட்டுமாயின், அதனை வெட்டி மறைக்காது உடனே போதனாசிரியருக்கு அறிவிக்க.

நினைவிற் கொள்க

1. வாடல் நோய்க்கு மருந்தில்லை; ஏற்ற இனமும் சுத்தமான குட்டியுமே காப்பு.

2. வாடிய வாழையை வெட்டிப் பார்த்து நோயை உறுதிசெய்க.

3. வாடல் கண்ட மண்ணிற் கோழிக்கூட்டை மீண்டும் நடாதீர்கள், கதலியை நடுக.

4. குட்டி எடுக்கும் தோட்டம் முழுவதையும் பார்த்தபின்னரே எடுக்க.

5. கத்தியையும் மண்வெட்டியையும் புதருக்குப் புதர் சுத்தம் செய்க.

6. முடிக்கொத்து நோய் கண்டால் அசுகுணியை அழித்தபின் புதரை முழுதாகக் கிண்டியெடுக்க.

நோயுற்ற ஒரு வாழை ஒரு வீட்டின் நட்டம் மாத்திரமன்று. வேலிக்கு அப்பாலுள்ளவரின் வாழையும் அதே மண்ணில், அதே மழைநீரில் நிற்கின்றது. நீங்கள் அறிந்ததை அயலாருக்கும் கூறுங்கள். உங்கள் கதலிப் புதரிலிருந்து ஒரு சுத்தமான குட்டியையும் அவர்களுக்குக் கொடுங்கள்.